முதல் வீட்டுக்குத் திரும்பிப் போகக் கூடாது

இது நான் எழுதிய பதினான்கு விதிகளில் ஒன்பதாவது. எழுதியபோது எனக்குப் பத்து வயது. நூறு பக்கக் கோடு போட்ட நோட்டு. வாங்கி வந்ததும் ஒன்று முதல் நூறு வரை எல்லாப் பக்கங்களுக்கும் வலது மேல் மூலையில் எண் போட்டு, எண்ணைச் சுற்றிச் சின்ன வட்டமும் போட்டுவிட்டுத்தான் முதல் வரியை எழுதினேன். இன்றைக்கும் புது டைரி வாங்கினால் அச்சடித்த தேதிகளை நாள்காட்டியோடு ஒருமுறை சரிபார்த்த பிறகே பேனாவைத் திறக்கிறேன். இதனால் வீட்டில் எனக்கு நல்ல பெயர் கிடையாது.

போன வாரம் என் மகள் கம்ப்யூட்டரில் ஒரு புது விளையாட்டைத் தொடங்கினாள். வாள், மந்திரம், டிராகன் எல்லாம் உள்ள ஒரு பெரிய உலகம். எந்தத் திசையில் வேண்டுமானாலும் போகலாம். எங்கே போக வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். புதிதாக ஆடுபவர்களுக்கான குறிப்புகள் என்று ஒரு வீடியோவை ஓட விட்டிருந்தாள். அதில் ஒருவன், எல்லோரும் ஆரம்பத்தில் செய்கிற தவறுகளை ஒன்று, இரண்டு என்று சலிப்போடு சொல்லிக்கொண்டு போனான். அந்தச் சலிப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த சலிப்பு. பரணில் ஏறி நோட்டைத் தேடி எடுத்தேன். நூறு பக்கங்களும் இருக்கின்றன. இருபத்து மூன்றாம் பக்கம் மட்டும் பசை போட்டு ஒட்டியது.

அப்போது எங்கள் வீடு ஜமுனாமரத்தூரில் இருந்தது. தாத்தா, அப்பா, அம்மா, நெல்லிவாசல் பக்கம் ஷேர் ஜீப் ஓட்டிய சித்தப்பா, நான். அந்த வைகாசியில் சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி, ஒடுகத்தூரிலிருந்து சித்தி வந்து சேர்ந்தாள். அதே லீவில் வேலூரிலிருந்து வந்திருந்த மாமா பையன், தன் டிவி கேமை எங்களிடம் விட்டுவிட்டுப் போனான். ஆடிப் பெருக்குக்கு வரும்போது எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. அதற்குள் நான் அந்தப் பெரிய கேசட்டை முடித்துவிட்டால் கேசட் எனக்கே என்று சொல்லியிருந்தான். முடிக்க மாட்டேன் என்ற நம்பிக்கையில் சொன்ன வார்த்தை அது. அவனே மூன்று மாதம் ஆடி முடிக்காத கேசட்.

ஒரு சின்னப் பையன் தன் வீட்டிலிருந்து புறப்படுவான். வடக்கே மலை, கிழக்கே சதுப்பு, தெற்கே கடல், மேற்கே காடு. எங்கோ ஒளித்து வைக்கப்பட்ட ஒன்பது கற்களை அவன் தேடிச் சேர்க்க வேண்டும். வழியில் யார் வீட்டிலாவது படுத்துத் தூங்கினால் காயம் ஆறும். தூங்கி எழுந்ததும் திரையில் இருபத்து நான்கு ஆங்கில எழுத்துகள் வரும். அவற்றைப் பிசகாமல் எழுதி வைத்துக்கொண்டு அடுத்த நாள் அப்படியே அடித்தால், அதே வீட்டில், அதே பொருட்களோடு எழுந்து நிற்கலாம். ஓர் எழுத்து தப்பினால் எல்லாம் போச்சு. எனக்காகவே செய்த விளையாட்டு என்று நினைத்தேன்.

எங்களுடையது கறுப்பு வெள்ளை டிவி. சிவப்பு மருந்து உயிர் தரும், பச்சை மருந்து கொல்லும் என்று மாமா பையன் சொல்லிக் கொடுத்தது எங்கள் வீட்டில் செல்லுபடியாகவில்லை. இரண்டையும் பலமுறை குடித்துச் செத்து, அடர்ந்த சாம்பல் நல்லது, வெளிறிய சாம்பல் விஷம் என்று நானே கண்டுபிடித்து எழுதினேன். அது மூன்றாம் விதி.

விதிகளை நான் எழுதியது சித்திக்காக. பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் ஆடும்போது, கீரை ஆய்ந்துகொண்டோ மொச்சை உரித்துக்கொண்டோ பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். ஒருநாள் தானும் ஆடிப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். அன்று பிடித்தது எனக்குக் கஷ்டகாலம்.

அவளைப்போல மோசமாக ஆடிய ஒருவரை நான் இதுவரை பார்க்கவில்லை. எந்த வீட்டுக்குள்ளும் நுழைய மாட்டாள். வாசலில் அந்தப் பையனை நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள். உள்ளே போய்ப் பானைகளை உடைத்தால்தான் சாவி கிடைக்கும் என்று நான் நான்காம் விதியைக் காட்டினால், "வூட்டுக்காரங்க இருக்கும்போதே பானைய ஒடச்சிக்கினு நிக்கிறதா? இன்னா வளப்பு இது பாப்பா?" என்பாள். பூதம் வந்தால் வாளை எடுக்காமல் ஓடுவாள். விளையாட்டில் பொழுது சாயத் தொடங்கினால் அவளுக்குப் பொறுக்காது. இருட்டில்தான் புதையல் மின்னும், அது ஏழாம் விதி என்று எத்தனை முறை சொன்னாலும், வெளக்கு வெக்கிற நேரத்தில் புள்ளைக்கு வெளியே என்ன வேலை என்று அவனை விரட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாள்.

அந்த வீடுதான் என் பெரிய தலைவலி. பையன் முதலில் புறப்படுகிற அவன் சொந்த வீடு. அங்கே அவனுடைய அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பாள். பக்கத்தில் போய்ப் பட்டனை அழுத்தினால் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். அகராதி வைத்துப் படித்து, சித்திக்கு அர்த்தம் சொன்னது நான்தான்.

"‘களச்சிப் போயிருக்க. சாப்ட்டுத் தூங்கு’ன்னு சொல்றாங்க சித்தி."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். வேற எதுவும் சொல்ல மாட்டாங்க."

அன்றிலிருந்து சித்தி காட்டில் பத்தடி போவாள், திரும்பி வீட்டுக்கு வந்து அந்தப் பட்டனை அழுத்துவாள். கடற்கரை வரை போவாள், திரும்பி வருவாள். ஒரு கல்லும் இல்லை, ஒரு சாவியும் இல்லை. நான் கத்தினால் சிரிப்பாள். ஆகவே ஒன்பதாம் விதியை அடிக்கோடிட்டு எழுதினேன்: முதல் வீட்டுக்குத் திரும்பிப் போகக் கூடாது. காரணத்தையும் எழுதினேன்: அங்கே எடுக்க ஒன்றும் இல்லை. பத்தாம் விதி, இறகைத் தொடக் கூடாது. பையில் ஒரே ஓர் இறகு இருந்தது. எங்கே இருந்தாலும் அதைப் பயன்படுத்தினால் பறந்து முதல் வீட்டுக்கே வந்துவிடலாம். ஒன்பது கற்களும் சேர்ந்த பிறகு, கடைசியில் வேண்டியது அது. சதுப்பில் ஆறு நாள் அலைந்து எடுத்தேன்.

இதற்கிடையில் ஆடி பிறந்தது. தலை ஆடிக்குப் பெண் வீட்டார் தட்டோடு வந்து அழைத்து, பெண்ணைக் கூட்டிப் போக வேண்டும். ஒடுகத்தூரிலிருந்து யாரும் வரவில்லை. எல்லாம் கல்யாணப் பந்தியில் தொடங்கியது. எங்கள் பஸ் மலை இறங்கிப் போய்ச் சேரத் தாமதமாக, தாத்தா உட்காருவதற்கு முன்பே அங்கே முதல் பந்திக்கு இலை போட்டுவிட்டார்கள். சம்பந்தி இல்லாமல் என்ன இலை என்று தாத்தா கேட்டார். சோறு ஆறுகிறதே, வந்தவர்கள் பசியோடு எத்தனை நேரம் நிற்பார்கள் என்று சித்தியின் அண்ணன் கேட்டார். சித்திக்கு அப்பா இல்லை; அந்த அண்ணன்தான் எல்லாம். அந்த இரண்டு கேள்விகளையும் மனதில் அப்படியே வைத்துக்கொண்டு இரு வீட்டாரும் இருந்தார்கள். தலை ஆடிக்கே அழைக்காமல் இருந்துவிட்டால் தலை தீபாவளிக்கும் அழைப்பு இருக்காது; பொங்கல் வரை சித்தி ஊருக்குப் போக முடியாது.

சொல்லி அனுப்பலாமா என்று சித்தப்பா ஒருமுறை சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டார். தாத்தா தட்டிலிருந்து தலை நிமிரவில்லை. "நம்ம பக்கத்துலருந்து ஒரு வார்த்த போவக் கூடாது. அவங்களா வரணும். வந்தா, அன்னிக்கே அனுப்பி வெக்கிறேன்" என்றார். அதற்குமேல் அந்த வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை. நானும் அதைக் கவனிக்கவில்லை. எனக்கு ஏழு கற்கள் சேர்ந்திருந்தன. ஆடிப் பெருக்குக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

ஒரு மாலை, வடக்கு மலையின் உச்சியில் எட்டாவது கல்லை எடுத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து மழை வந்தது. கொடியில் கிடந்த துணிகளை எடுக்க அம்மா கூப்பிட்டாள். ஜாய்ஸ்டிக்கைச் சித்தி கையில் கொடுத்து, எதையும் தொடாதே, நகராதே, பூதம் வந்தால் மட்டும் அடி என்று மூன்று உத்தரவுகள் போட்டுவிட்டு ஓடினேன். திரும்பி வந்தபோது திரையில் இருபத்து நான்கு எழுத்துகள் நின்றன. பக்கத்துக் குகையில் இருக்கும் சாமியார் வீட்டில் படுக்க வைத்திருக்கிறாள், முதல்முறையாக உருப்படியான ஒரு காரியம் செய்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, நோட்டின் இருபத்து மூன்றாம் பக்கத்தில் எழுதினேன். இரண்டு முறை சரிபார்த்தேன். சரிபார்த்து முடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. மழை என்றால் எங்கள் ஊரில் கரண்ட் அப்படித்தான். மூன்று நாள் வரவில்லை.

கரண்ட் வந்த வெள்ளிக்கிழமை நோட்டைத் திறந்தேன். இருபத்திரண்டுக்கு அடுத்து இருபத்தைந்து.

வேறு யாருக்காவது என்றால் எங்கோ எழுதினோம், காணோம் என்று விட்டிருப்பார்கள். எனக்கு எண் இருந்தது. ஒரு தாள் கிழிக்கப்பட்டிருக்கிறது என்பதற்குச் சாட்சி இருந்தது. தையல் ஓரத்தில் கிழிந்த காகிதத்தின் நார்கூட இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வீட்டிலிருந்த ஒவ்வொருவரிடமும் போனேன். அப்பா தெரியாது என்றார். அம்மா, அடுப்பு பற்ற வைக்கத் தனக்கு என் நோட்டுதான் கிடைத்ததா என்று கேட்டாள். சித்தப்பா ஜீப்புக்கு அடியிலிருந்து வெளியே வரவே இல்லை. நீயே கப்பல் செய்து தண்ணீரில் விட்டிருப்பாய், பொட்டப் புள்ளைக்கு இத்தனை ஆர்ப்பாட்டம் ஆகாது என்று தாத்தா சொன்னார். நானா? என் நோட்டில் நானா? அந்த அநியாயம் தாங்காமல் ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்று படுத்துக்கொண்டேன்.

சித்தி தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "வந்துடும் பாப்பா. ஞாயித்துக்கெழமைக்குள்ள வந்துடும். இப்ப சாப்புடு" என்றாள். தொலைந்த தாள் எப்படித் தானாக வரும், அதுவும் கிழமை சொல்லி எப்படி வரும் என்று கேட்டேன். ஒரு வாய் பிசைந்து ஊட்டினாள். ஒரு கணக்கும் இல்லாமல் எதையாவது சொல்கிற ஆள் என்று எனக்கு அவள்மேல் இன்னும் எரிச்சல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் சித்தியின் அண்ணன் வந்தார். கூடவே அவர் மனைவி. தட்டில் பழம், வெற்றிலை பாக்கு, பூ, மஞ்சள் துணி சுற்றிய புடவை. தாத்தா எழுந்து வாசல் வரை போனார். அதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வாங்க வாங்க என்று கூப்பிட்டு உட்கார வைத்தார். காபி போடச் சொல்ல உள்ளே வந்தவர், அம்மாவிடம், "பாத்தியா, அவனாவே வந்துட்டான்" என்று மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது. அவர் முகம் புதுச் சட்டை போட்ட பிள்ளையின் முகம்போல இருந்தது. பந்தியில் இலை போட்ட கதையை அவரே சிரித்துக்கொண்டு எடுத்தார், அவரே முடித்தார். சாப்பிட்டுவிட்டு சாயங்கால பஸ்ஸில் பெண்ணைக் கூட்டிப் போகலாம் என்று சொல்லிவிட்டார். அம்மா சித்திக்குத் தலை பின்னி, தட்டிலிருந்த பூவை வைத்துவிட்டாள். சித்தி ஒரு பையில் இரண்டு புடவைகளை மடித்து வைத்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

நான் வாசலில் நின்றேன். கை கழுவ வெளியே வந்த சித்தியின் அண்ணன் என்னைப் பார்த்ததும் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார்.

"இது உன்னுதாமே பாப்பா. தொலைக்காம கொண்டாந்து குடுக்கணும்னு தங்கச்சி எழுதியிருந்துச்சு. பாப்பா அழும்னு. உள்ள வெச்சிக்கோ, போ."

பிரித்தேன். வலது மேல் மூலையில் வட்டத்துக்குள் இருபத்து மூன்று. இருபத்து நான்கு எழுத்துகளும் பத்திரமாக இருந்தன. சந்தைக்குக் கடலை கொண்டுவந்து விற்கிற ஒடுகத்தூர் அம்மாள் ஊருக்குத் திரும்புகிற அவசரத்தில் வாசலில் நிற்க, சித்தி கைக்குக் கிடைத்த நோட்டில் முதலில் கண்ட வெற்றுப் பக்கத்தைக் கிழித்து, பின்னால் என் எழுத்துகள் இருப்பதைக் கிழித்த பிறகே கண்டு, அதில் நாலு வரி எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்பதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நான் சொன்னது சரி. நான் கப்பல் விடவில்லை.

உள்ளே வைக்கச் சொன்னவர் கை கழுவி முடிப்பதற்குள் நான் கூடத்துக்கு ஓடினேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்த தாத்தாவின் முகத்துக்கு நேரே தாளை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன்.

"பாருங்க தாத்தா. இருபத்தி மூணாம் பக்கம். யாரோ கிழிச்சாங்கன்னு நான் சொன்னேன்ல."

எழுத்துகள் என் பக்கம் இருந்தன. கடிதம் தாத்தாவின் பக்கம் இருந்தது.

தாத்தா சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். நான் கை வலிக்கப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலு வரியைப் படிக்க அவருக்கு அத்தனை நேரம் ஏன் ஆனது என்று தெரியவில்லை. பிறகு தாளை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்து, என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "ஆமா. நீ கிழிக்கல" என்றார். எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

சித்தியின் அண்ணன் கை ஈரத்தோடு வாசற்படியில் நின்றார். தாத்தா அவரைப் பார்க்காமல், சாப்பிட்டுவிட்டுப் போங்கள், பெண் வரவில்லை என்றார்.

"மாமா, நானே வர்றதாதான் இருந்தேன்."

"இருந்திருப்பீங்க. ஆனா வர்லியே. கூப்ட்டப்பறம் வந்தா அதுக்குப் பேரு அழைப்பு இல்ல."

தாத்தாவின் குரலில் கோபம் இல்லாததால் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் நான் நினைத்தேன். சித்தப்பா ஜீப் சாவியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு சித்தி நின்றாள். அவள் என்னைத் திட்டவில்லை. இலை போட்டார்கள். இந்த முறை தாத்தா முதலில் உட்கார்ந்தார். யாருக்கும் எதுவும் ஆறிப்போகவில்லை. சாயங்கால பஸ்ஸில் வந்தவர்கள் இரண்டு பேராகவே போனார்கள்.

அவர்கள் போனதும் நான் முதல் வேலையாக டிவியைப் போட்டேன். இருபத்து நான்கு எழுத்துகளையும் நிதானமாக அடித்தேன். ஏற்றுக்கொண்டது. வடக்கு மலைக் குகை வரும் என்று பார்த்தால், அடுப்பு வந்தது. பக்கத்தில் அந்த அம்மா வந்தாள். முதல் வீடு. பையைத் திறந்து பார்த்தேன். எட்டுக் கற்கள் இருந்தன. இறகு இல்லை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆறு நாள் சதுப்பில் அலைந்து எடுத்த ஒரே இறகு. துணி எடுக்கப் போன அஞ்சு நிமிஷத்தில், மலை உச்சியிலிருந்து அதைப் பயன்படுத்தி இந்த வீட்டுக்கே பறந்து வந்து படுத்திருக்கிறாள். ஒன்பது, பத்து, இரண்டு விதிகளையும் ஒரே நேரத்தில் மீறியிருக்கிறாள். உள்ளே போய்ச் சித்தியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து டிவி முன்னால் உட்கார வைத்தேன். தலையில் காலையில் வைத்த பூ அப்படியே இருந்தது.

"பாருங்க சித்தி. உங்களாலதான். மறுபடியும் மொத வூட்ல வந்து நிக்கிறேன்."

சித்தி திரையைப் பார்த்தாள். தன் தப்பை ஒத்துக்கொள்வாள் என்று காத்திருந்தேன். அவள் ஜாய்ஸ்டிக்கை என் கையிலிருந்து வாங்கி, பையனை அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, பட்டனை அழுத்தினாள். வரி வந்தது. இந்த முறை அர்த்தம் கேட்கவில்லை. மறுபடியும் அழுத்தினாள்.

அந்த ஆடிக்குச் சித்தி போகவில்லை, பொங்கலுக்குத்தான் போனாள். பெருக்குக்கு வந்த மாமா பையன், ஒரு கல் குறைகிறது என்று சிரித்துக்கொண்டே கேசட்டை எடுத்துப் போனான். சித்தியால் போன கேசட் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். தாளை அன்றைக்கே சோற்றுப் பசை தடவி நோட்டில் அதன் இடத்தில் ஒட்டிவிட்டேன், எழுத்துகள் தெரியும்படியாக. பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று திருப்பிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அது இருபத்தைந்தோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு பிரித்தால் கிழிந்துவிடும்.

அன்றைய குறிப்பு அடுத்த பக்கத்தில், இருபத்தாறில் இருக்கிறது. கிழமை போட்டு, நேரம் போட்டு, அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன்:

"சித்தி ஒரே பட்டனைப் பதினொரு முறை அழுத்தினாள். எண்ணினேன். அந்த அம்மா பதினொரு முறையும் அதையேதான் சொன்னாள். அரை மணி நேரம் வீண். இனிமேல் சித்திக்குக் கொடுக்கக் கூடாது."